வேலி தாண்டிய கிளை

எங்கள் பக்கத்து வீட்டு ஹயாசே-சான் மாதிரி ஒரு மனுஷரை நான் பார்த்ததில்லை. கியோட்டோவில் காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவர். ஒரு நாளும் ஹாரன் அடித்ததில்லையாம், யாராவது திடுக்கிட்டுவிடுவார்கள் என்று! ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் போகவில்லை. தன் வீட்டு மேப்பிள் மரத்தைக் கவாத்து பண்ண ஏணியில் ஏறினால் வெள்ளைக் கையுறை போட்டுக்கொள்வார். "இப்ப வெட்டப்போறேன், கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று மரத்திடம் சொல்வார். பஸ் வளைவில் திரும்பும்போது "கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்று பயணிகளிடம் சொன்ன அதே குரல். வெட்டின இடத்தில் மருந்து பூசிவிட்டுத் தலை வேறு வணங்குவார்.

அந்த மரத்தின் கிளை ஒன்று மூங்கில் வேலியைத் தாண்டி எங்கள் பக்கம் நீண்டிருந்தது. இலை உதிரும் காலத்தில் எங்கள் வாசல் பூராவும் சிவப்பு. விடிந்ததும் துடைப்பத்தோடு வந்துவிடுவார், கையில் ஒரு பெட்டி இனிப்பும் இருக்கும்.

"எங்க இலை உங்களுக்குப் பெரிய தொந்தரவு, கினுயே-சான்."

"தொந்தரவே இல்லை, தொந்தரவே இல்லை" என்பேன். தொந்தரவு இருந்தாலும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம், இல்லாவிட்டாலும் அப்படித்தான். கேட்கிறவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். என்ன பழக்கமோ, போங்கள்!

போன வருஷம் அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் யோஷிஜி பக்கவாதம் வந்து படுத்தார். பேச்சு பாதி போய்விட்டது. மரத்தை வேலி மறைத்துவிடும்; படுத்த இடத்திலிருந்து கண்ணாடிக் கதவு வழியே அந்த ஒரு கிளைதான் தெரியும். "மறுபடி சிவக்கிறப்ப... எழுந்து உட்கார்றேன்" என்று வாய் கோணச் சொன்னார். அதை நம்பித்தான் நானும் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

டிசம்பரில் மரம் மொட்டையானதும் ஹயாசே-சான் ஏணி போட்டார். நான் யோஷிஜிக்கு மருந்து வாங்கப் போய்விட்டுத் திரும்பினால் கிளையைக் காணோம்! அடியோடு அறுத்திருந்தார். வெளியே வேலியும் மின்கம்பியும்தான் தெரிந்தன. யோஷிஜி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அன்றைக்குக் கஞ்சியை வாயில் வாங்கவில்லை. மறுநாளும் வாங்கவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! நாலு பெர்சிமன் பழத்தை எடுத்துக்கொண்டு நேரே போனேன். சண்டைக்குப் போனாலும் வெறுங்கையோடு போக முடியாதே எங்களால்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க, ஹயாசே-சான்?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "வீட்ல நோயாளி இருக்கார். இதுல எங்க இலை வேற உங்களைப் பாடாப் படுத்தணுமான்னுதான்..."

"தொந்தரவே இல்லைன்னு சொன்னேனே!"

"ரெண்டு தடவை சொன்னீங்களே. அப்ப நிச்சயமா தொந்தரவுதான்னு நினைச்சுட்டேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அதைப் பார்த்துக்கிட்டுதாங்க அவர் சாப்பிட்டுக்கிட்டிருந்தார். சிவக்கிறப்ப எழுந்து உட்கார்றேன்னு சொல்லியிருந்தார்" என்றேன். பழத்தை அவர் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் மனுஷர் வேலியைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்! தன் கையால் கட்டிய வேலி. கறுப்புக் கயிற்று முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். "வேலியை எடுக்கறேன், மன்னிச்சுக்குங்க" என்று எங்கள் கதவைப் பார்த்துச் சொன்னார். கடைசி மூங்கிலும் போனதும் முழு மரமும் படுக்கைக்கு நேரே வந்து நின்றது. யோஷிஜி மெதுவாகத் திரும்பிப் படுத்தார்.

கவாத்து இன்னும் பாக்கி இருந்தது. ஹயாசே-சான் ஏணியில் ஏறி ஒரு சின்னக் கிளையில் கத்தரியை வைத்துக்கொண்டு, வெட்டலாமா என்று எங்கள் கதவுப் பக்கம் பார்த்தார். யோஷிஜி தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அடுத்ததற்கும் வேண்டாம். பாவம், அந்தக் குளிரில் ஹயாசே-சான் ஒவ்வொரு கிளைக்கும் உத்தரவு கேட்டுக்கொண்டு நின்றார். இவருக்கோ ஒரே குஷி. அன்றைக்கு அரைக் கிண்ணம் கஞ்சி உள்ளே போனது.

இந்த நவம்பரில் மரம் சிவந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு, முதுகுக்குத் தலையணை கொடுத்து யோஷிஜியை உட்காரவைத்தேன். காற்றுக்கு இலைகள் வீட்டுக்குள்ளேயே வந்து போர்வையில் விழுந்தன. ஹயாசே-சான் கையுறை போட்டுக்கொண்டு, துடைப்பத்தோடும் இனிப்போடும் ஓடி வந்தார்.

"எங்க இலை... பெரிய தொந்தரவு..."

நான் வாயைத் திறக்கவில்லை. நான் எதைச் சொன்னாலும் அந்த மனுஷர் வேறு மாதிரி எடுத்துக்கொள்வாரே!

யோஷிஜி ஒரு இலையை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார். "ஆமா... தொந்தரவுதான்" என்றார். "அடுத்த வருஷமும்... வேணும்."

ஹயாசே-சான் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, கையுறையோடேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.