அண்ணனுக்கு வைத்த மிளகாய்

பினாங்கில் டிராம் மணியடித்து ஓடிய காலம். சூலியா தெருவை ஒட்டிய எங்கள் வட்டாரத்துப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு தமிழ் வகுப்பு தொடங்கியே தீருவது என்று எனக்கு ஒரே துடிப்பு. சொல்லித்தர நான் இருந்தேன். கோயில் மண்டபமும் கிடைத்தது. ஆனால் அங்கே போக டிராம் ரோட்டைத் தாண்ட வேண்டும். பிள்ளைகள் தாண்டக் கூடாது என்று அப்பாக்கள் வரிசையாக மறுத்துவிட்டார்கள். முதலில் மறுத்தவர் என் சொந்த அண்ணன். அவர் மகளுக்குப் பால்பல் விழுந்து முளைத்தாயிற்று, இன்னும் தன் பெயரை எழுதத் தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மத்தியானம் அண்ணியும் நானும் அண்ணன் வீட்டுச் சிமெண்டுத் தரையில் டிராம் ரோட்டுக்குச் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தோம். பெண்பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. மறுத்த அப்பாவுக்குப் பக்கத்திலேயே ஒரு காய்ந்த மிளகாய். அண்ணனுக்கு இருப்பதிலேயே நீளமானதைப் பொறுக்கி வைத்தேன். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சந்துகளுக்கு நூல், வகுப்புக்கு ஒரு டம்ளர். டம்ளரை அங்கே நகர்த்தி, இங்கே நகர்த்தி, தரையே சந்தைக்கடை ஆகிவிட்டது.

சட்டென்று கண்ணில் பட்டது. கொட்டைகள் எல்லாமே கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் கிடந்தன. எல்லா வீட்டு அடுப்படியும் ஒரே பின்சந்தில் திறக்கிறது. இத்தனை நாளும் நாங்கள் முன்வாசலிலிருந்தே யோசித்திருக்கிறோம்! அந்தச் சந்தின் கோடியில் மசாலா அரைக்கும் கடை, அதன் மாடி காலி. எனக்குப் புல்லரித்துவிட்டது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். கடைக்கார அக்கா மாடியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அண்ணன் வந்ததும் வராததுமாகத் தரையைக் காட்டி, நாங்கள் போட்டுப் பார்த்த வழிகளையெல்லாம், சரிப்படாதவை உட்பட, மூச்சுவிடாமல் விளக்கினேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணும் புரியலை லா, தங்கச்சி. ஆமா, இந்தப் பெரிய மிளகாய் யாரு?"

அண்ணி அடுப்படிக்குள் நழுவிவிட்டார். வந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் வழித்துத் தள்ளப் போனேன். கை பாதியில் நின்றது. தேடும்போது அத்தனையும் வேண்டியிருந்தது, இவருக்குக் காட்ட எதற்கு அத்தனையும்? ஒரு கொட்டை, ஒரு நூல், டம்ளர், சுண்ணாம்புக் கோடு தவிர மற்றதையெல்லாம் ஒதுக்கினேன். அந்த நீள மிளகாயை மட்டும் எடுக்கவில்லை, அவ்வளவு கோபம்.

"இது உங்க மக. இது பின்சந்து. இது வகுப்பு. நடுவுல டிராம் எங்க வருது, காட்டுங்கண்ணே."

அண்ணன் குந்தி உட்கார்ந்தார். கொட்டையிலிருந்து டம்ளர்வரை நூலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மிளகாயை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.