ஒரு கைப் பேக்ஹாண்டும் என் இடது கையும்

மானிப்பாய்ச் சந்திக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் என் இடது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் எதையாவது இறுக்கிப் பிடித்தால் உயிர் போகும். டென்னிஸில் இடப்பக்கம் வருகிற பந்தை, அந்த பேக்ஹாண்டை, அதுவரை இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்துத்தான் அடித்துவந்தேன். "இனி வலக்கையாலை மட்டும் அடிச்சுப் பழகுங்கோ, இல்லாட்டி விளையாட்டை விடுங்கோ" என்றார் டொக்டர். அவர் அதைச் சொன்ன சுகத்தைப் பார்த்தால், அந்த மனிசன் வாழ்க்கையில் ஒரு பந்தையும் தொட்டிருக்க மாட்டார்.

விட எனக்கு மனமில்லை. ஞாயிறு காலையில் யாழ்ப்பாணம் போய் ஒரு சீமெந்து மைதானத்தில் சோடியாக விளையாடுவதுதான் நானும் கணவரும் சேர்ந்து செய்கிற ஒரே காரியம். மற்ற நாளெல்லாம் அவர் வங்கிக்கு, நான் கரவெட்டியில் என் அலுவலகத்துக்கு. பின்னேரம் கதைப்பதெல்லாம் தண்ணீர் மோட்டரும் கரண்ட் பில்லும்தான். விளையாடும்போது மட்டும் என் முகத்தைப் பார்த்து, "என்ன செய்வம்?" என்று கேட்பார். என்னுடைய இடத்துக்கு வர அவருடைய கூட்டாளி ஒருவர் ஆயத்தமாக நின்றார். நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

சரி என்று பழகத் தொடங்கினேன். அதோடு குழப்பமும் தொடங்கியது. "தோளைத் திருப்பும், மணிக்கட்டை இறுக்கும்" என்றார் கணவர். காணொளியில் வந்த வெளிநாட்டுக்காரர், கையைத் தளர்த்து, தளர்த்து என்று சிரித்தபடி சொன்னார். பள்ளிக்கூடத்தில் விளையாடிய என் அலுவலகத் தோழி, "அக்கா, பெருவிரலைப் பிடிக்குப் பின்னாலை வையுங்கோ" என்றாள். பெருவிரலைப் பார்த்தால் தோளை மறப்பேன். தோளை நினைத்தால் கால் பின்னுக்கு நிற்கும். இறுக்குவதா தளர்த்துவதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பந்து போய் வேலியில் நிற்கும். என்ன கோதாரி விளையாட்டு இது என்று மட்டையைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

ஒருநாள் கணவர் பந்து போடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"நீர் என்ன, திருநீறே வாங்கிறீர்?"

குனிந்து பார்த்தேன். வலது கை மட்டையோடு முன்னுக்குப் போக, இடது கை தன்பாட்டில் வந்து அதன் முழங்கையைத் தாங்கிக்கொண்டு நின்றது. இணுவில் கோயிலில் ஐயரிடம் விபூதி வாங்குகிற மாதிரியேதான். பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் வலக்கையை நீட்டி, இடக்கையால் அதைத் தொட்டுக்கொண்டு நிற்கப் பழகிய உடம்பு. அந்த மரியாதையைப் பந்துக்கும் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இடது கை அப்படி முன்னுக்கு வந்தால் நெஞ்சு திறந்துவிடும், பந்து வலைக்குள் போகும். அது பின்னுக்குப் போக வேண்டும். மட்டையின் கழுத்தை மெல்லத் தொட்டிருந்துவிட்டு, அடிக்கிற நேரம் விட்டுவிட்டுப் பின்னால் நீள வேண்டும்.

விளங்கியது. ஆனால் கை கேட்கவில்லை. காற்சட்டைப் பட்டிக்குள் செருகிப் பார்த்தேன், தடுமாறி விழப் பார்த்தேன். சில நாள் சரியாக வரும். ஏன் வந்தது என்று கேட்டால் தெரியாது. அடுத்த நாள் வராது. ஏன் வரவில்லை என்றும் தெரியாது.

இதற்கிடையில் கணவர் வேறொரு பழக்கம் பிடித்துக்கொண்டார். ஆட்டத்தில் என் இடப்பக்கம் பந்து வந்தால், தன் பக்கத்தை விட்டு ஓடிவந்து அவரே அடித்துவிடுவார். அன்பா, நம்பிக்கையில்லையா? கேட்கவும் பயமாக இருந்தது. இப்படியே போனால் நான் மைதானத்தில் சும்மா நிற்கிற ஆள்தான்.

போன மாதம் எங்களைவிட வயதில் மூத்த ஒரு தம்பதியோடு விளையாடினோம். கணவர் வலைக்குக் கிட்ட, நான் பின்னுக்கு. பந்து என் பாதிக்குள், இடப்பக்கம் வந்தது. நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. தோள் திரும்பியது, கால் முன்னுக்குப் போனது, இடது கை பின்னால் நீண்டது. பந்து மட்டையின் நடுவில் பட்டது. அப்படியொரு அடி நான் அடித்ததேயில்லை. அது நேரே போய், குறுக்கே பாய்ந்து வந்த என் கணவரின் முதுகில் விழுந்தது.

புள்ளி அவர்களுக்கு. எதிர்ப்பக்கத்து மனிசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"ஏன் குறுக்கை வந்தனீங்கள்?"

அவர் முதுகைத் தடவினார். "நீர் விட்டிடுவீர் எண்டு நினைச்சன்."

"நான் விடேல்லை."

அவர் தன் பக்கத்துக்குப் போய் நின்றார். அடுத்த பந்தும் என் இடப்பக்கம்தான் வந்தது. அவர் வரவில்லை. நான் வீசினேன், பந்து வலைக்குள் விழுந்தது. அவரைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

எதிர்ப்பக்கத்தார் விடுவார்களா? அதற்கடுத்ததையும் அங்கேயே அனுப்பினார்கள். கணவர் நின்ற இடத்திலேயே நின்றார்.