கையில் வராத குறவை

ஸ்கீவ நகரிலிருந்து திங்கட்கிழமை காலை தொலைபேசி வந்தது. தங்கராசா அண்ணை மாரடைப்பால் காலமாகிவிட்டாராம். நான் வேலை செய்யும் கோல்டிங் நகரில், தொழிற்சாலைக் கையுறையைக்கூடக் கழற்றாமல் கேட்டு நின்றேன். அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது. உயிரோடு இருந்தபோதும் அவர் என்னிடம் அதைத்தான் கிளப்பினார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டக்களப்பில் மீன்பிடித் திணைக்களத்தில் வேலை பார்த்தவர். மாரி வெள்ளம் தேங்கும் தாழ்நிலத்தை அங்கே வில்லு என்பார்கள். அதில் என்னென்ன மீன், இறால், மட்டி வாழ்கின்றன என்று ஆண்டுதோறும் பட்டியல் எடுத்தவர். கையில் பிடித்துப் பார்க்காத எதையும் அதில் எழுதமாட்டார். அவர் அகதியாக இங்கே டென்மார்க்குக்கு வந்தபின் மனைவி பூமணி அக்கா அந்த வேலையைத் தொடர்ந்தார். கைவலையுடன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அகப்பட்டதை எண்ணிக் கடிதத்தில் எழுதி அனுப்புவார்.

ஸ்கீவவில் ஒரே அறையில் இரண்டு வருடம் அந்த மனிதரோடு மாரடித்தேன். சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாலும் கெளுத்தியின் மீசையைப் பற்றித்தான் கதை. குடும்பங்களை அழைக்கும் விண்ணப்பங்கள் அசையாமல் கிடந்த காலம் அது. அண்ணையிடம், மணவாழ்க்கை உண்மையானது என்று காட்ட அதிகாரிகள் அக்காவின் கடிதங்களைக் கேட்டார்கள். கொஞ்சம் டேனிஷ் தெரிந்த பாவத்துக்கு மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது.

பதினேழு கடிதங்கள். விரால் ஒன்பது, பனையேறி மீன் நாலு, சேற்றுக்குள் மட்டி. எனக்கு வெடித்துவிட்டது.

"அண்ணை, ஒரு இடத்திலயாவது அன்பா ஒரு சொல்லு இருக்கோ? மீன் வியாபாரம் எண்டெல்லோ நினைப்பினம்! அக்காவை ஒழுங்கா ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கோ."

"அவங்கள்ற கண்ணுக்காக எழுதினா அது பொய் தம்பி. கையில வராத மீனை நான் எப்பவாவது எழுதினனானா?"

தலையில் அடித்துக்கொண்டு அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தேன். பதில் வரவே இல்லை. நான் கோல்டிங்குக்கு வந்தபின்னும் ஞாயிறுதோறும் தொலைபேசியில் இதே சண்டைதான். "அவள் வருவாள், வந்து சேந்த மறுகா நீயே கேளு" என்பார். "ஓம், ஓம்" என்று எரிச்சலோடு வைத்துவிடுவேன். கடைசி ஞாயிறும் அப்படித்தான் வைத்தேன்.

நேற்று அவருடைய அறையை ஒதுக்கி ஒழுங்குபடுத்தப் போனேன். கதவடியில் அக்காவின் கடிதம் கிடந்தது. செய்தி போய்ச் சேருமுன் எழுதியது.

"வில்லு நிரம்பி நிக்கிது. விரால் ஏழு, பனையேறி மூணு, இறால் ரெண்டு வகை. குறவை மீன் தேடக்கொள்ள வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கிட்டு. மூணு நாள் தேடியும் ஆப்பிடல்ல."

வீங்கிய காலோடு மூன்று நாள்! இதைவிட என்ன கடிதம் வேண்டுமென்று அந்த மனிதரைப் போட்டு உலுக்கினேன்? வாசிக்கத் தெரியாத மடையன் நான்தான். இனி அந்த விண்ணப்பத்துக்கும் உயிரில்லை, அக்கா வரப்போவதில்லை.

அக்காவின் கணக்குகளை அவர் பதிந்துவந்த கொப்பியில் அந்தப் பட்டியலையும் என் கையால் ஏற்றினேன். கொப்பியை அக்காவுக்கு அனுப்புகிறேன். குறவைக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை, அண்ணை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.