கிழக்கே ஓடிய ரப்பர்

யுத்தம் முடிந்த மறுவருஷம், மார்கழி மாதம். காலை ஆறு மணிக்குத் திருநெல்வேலியில் கரிவாயு பஸ் ஏறினேன். சிவராமனைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். காலேஜில் நானும் அவனும் ஒரே பெஞ்சு. ரசாயனப் பரீட்சையில் நான் முதல் வகுப்பு. அவன் செய்முறையில் இரண்டு கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டுத் தட்டுத் தடுமாறித் தேறியவன். இன்று அவன் சீமையில் படித்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி செய்கிறான். நானோ பழைய காலேஜிலேயே டெமான்ஸ்ட்ரேட்டர், அதாவது பையன்கள் உடைக்கிற குழாய்களுக்குக் கணக்குச் சொல்லுகிறவன். இது நியாயமா?

ஆரல்வாய்மொழியில் சமஸ்தானத்துச் சுங்கச் சாவடி. சேவகர் என் பெட்டியைக் கிளறிவிட்டு, "புகையில உண்டா?" என்றார்.

"வேட்டி சட்டைதான் இருக்கு."

"எங்கோட்டுப் போறேள்?"

"ரப்பர் ஆராய்ச்சி பண்ணுற சிநேகிதர் வீட்டுக்கு."

"ஓ, தோட்ட முதலாளியா? பாக்கியவான்!" என்றார். அவருக்கும் அவன்தான் பாக்கியவான்.

நாகர்கோவிலில் பஸ் மாறி, அங்கிருந்து நாற்பத்திரண்டு மைல். வழியெல்லாம் தென்னையும் குளமுமாகக் கண் குளிர்ந்தது, மனசு குளிரவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குத் திருவனந்தபுரத்துத் தம்பானூரில் இறங்கினேன். சிவராமன் இருந்த ஸ்ரீவராகத்துக்கு ஜட்காக்காரன் சமஸ்தானத்துக் காசில் ஆறு சக்கரம் கேட்டான், நாலுக்கு வந்தான்.

வீடு அக்கிரகாரத்து நடுவில். வாசலிலேயே சிவராமன் கட்டிக்கொண்டான். "வாடா சங்கரா! கொள்ளாமே, ஆளே மாறிப்போயிட்டியே!" தலையில் ஒரு நரை இல்லை அவனுக்கு. அவன் மனைவி மீனாட்சி காப்பியோடு வந்து, "வாங்கோ அண்ணா, இவர் எப்பவும் உங்களைப் பத்தித்தான் பேசுவார்" என்றாள். என்ன பேசுவானோ!

ரசாயனக்காரன் வீடு என்று பேர். ஒரு குப்பி இல்லை, ஒரு அடுப்பு இல்லை. கூடம் முழுக்கத் தாள்தான். கோலப்புள்ளி மாதிரி புள்ளி வைத்து, நடுப்புள்ளியில் தொடங்கிப் புள்ளிக்குப் புள்ளி ஓடும் கோடுகள். நான் விழிப்பதைப் பார்த்து அவனே விளக்கினான்.

"ரப்பரோட ஒரு மூலக்கூறுங்கறது நீளச் சங்கிலியாக்கும். ஒவ்வொரு கண்ணியும் இஷ்டப்பட்ட திக்கில திரும்பும். அப்போ சங்கிலியோட தலைக்கும் வாலுக்கும் எவ்வளவு தூரம்? இதாக்கும் என் கேள்வி. சூத்திரம் இருக்கு, ஆனா சோதிக்கணுமே. அதுக்கு நாலு திக்கு, நாலு முகம்!"

அவன் நீட்டியது பித்தளைத் தாயக்கட்டை. ஒரு முகம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று. மீனாட்சி உருட்டுவாள், விழுந்த முகத்தின் திசையில் இவன் கோடு இழுப்பான். ஒன்று விழுந்தால் கிழக்கு. மூன்று மாதமாகப் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து இதே வேலை. என் வீட்டில் நான் ரசாயனம் என்று வாயைத் திறந்தால் என் பெண்டாட்டி அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சீமைக்காரன் சொன்னதைவிட என் தூரம் ஜாஸ்தி வருது, கேட்டியா? திங்கட்கிழமைத் தபால்ல லண்டனுக்குக் கட்டுரை போறது" என்றான்.

அவன் குளிக்கப் போனதும் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன், மறைப்பானேன்? கிடைத்தது! ஏறக்குறைய எல்லாச் சங்கிலியும் வலப்பக்கமே, அதாவது கிழக்கே, சாய்ந்து ஓடியிருந்தது. தூரத்தை மட்டும் அளந்தவன் திசையைப் பார்க்கவே இல்லை. வாயை மூடிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தால் போதும். லண்டன்காரனே இவன் மானத்தை வாங்கிவிடுவான். ஆனால் அவன் முகம் தொங்கிப்போவதை நான் நேரில் பார்க்க வேண்டாமா?

அவன் துண்டோடு வந்ததும் கட்டையை எடுத்து உருட்டினேன். நாலு முகமும் மாறி மாறி விழுந்தன. "இப்ப நீங்க உருட்டுங்க" என்று மீனாட்சியிடம் கொடுத்தேன். அவள் உள்ளங்கையில் வைத்து மெல்லத் தேய்த்து உருட்டிவிட்டாள். ஒன்று. மறுபடி ஒன்று. மூன்று. அப்புறம் ஒன்று, ஒன்று.

"ஆட்டத்துல தாயம் விழணும்னு சின்ன வயசிலேர்ந்து கை பழகிடுத்து, அண்ணா. தெருவிலேயே என் கையைத்தான் கேப்பா" என்றாள் அவள், பெருமையாக. சொல்லி முடிக்கும்போதே புரிந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கட்டை சரிதான் சிவராமா. உன் ரப்பர்தான் மூணு மாசமா கிழக்கே ஓடிட்டிருக்கு" என்றேன். நிதானமாக, ருசித்துச் சொன்னேன்.

அவன் தாள்களைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான் பாருங்கள்! இடுப்புத் துண்டு அவிழ்கிற மாதிரி, கண்ணில் நீர் வரச் சிரித்தான். "அடி மீனாட்சி, உன் கைராசியால லண்டன்ல என் மானமே போயிருக்குமேடி! சங்கரா, நீ என் தெய்வமாக்கும்!"

அவளும் சிரித்துவிட்டு, "இனிமே அண்ணாவே உருட்டட்டும். அவர் கைக்கு ராசியே இல்லை, பாருங்கோ. இதுக்கு அதுதானே வேணும்?" என்றாள். வெள்ளை மனசோடுதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸுக்கு அவனே வந்து டிக்கெட் எடுத்தான். "லீவுக்கு வாடா, முதல்லேர்ந்து உருட்டலாம். கட்டுரையில உன் பேரும் போடறேன்" என்றான். பார்க்கலாம் என்றேன்.

திருநெல்வேலியிலும் காலேஜ் உண்டு, கணக்குப் போடத் தாளும் உண்டு. வழி நெடுக, அவனிடம் இருந்து என்னிடம் இல்லாதது எது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். அவனுடைய சீமைப் படிப்பு வேண்டாம், பேர் வேண்டாம். மூன்று மாத உழைப்பு பாழ் என்று ஒருவன் மூஞ்சிக்கு நேரே சொன்னபோது அவன் சிரித்தானே, அந்தச் சிரிப்பு, பாவி, அது எனக்கு வரக்கூடாதா?