தோல் ஆறிய பிறகு

தீக்காயப் பிரிவிலிருந்து என் கணவரை வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள் காலை, காபி போட அடுப்பைப் பற்ற வைத்தேன். உள்ளே உட்கார்ந்திருந்தவர் எழுந்து ஓடினார். தெருவைத் தாண்டிக் கரும்புக் காட்டு வரப்பில் போய்க் குத்தவைத்துக்கொண்டார். லுங்கி நனைந்திருந்தது.

"அமத்து புள்ள, அடுப்ப அமத்து" என்று அங்கிருந்தே கத்தினார்.

அவர் கேஸ் டேங்கர் லாரி ஓட்டுநர். நெடுஞ்சாலையில் வண்டி கவிழ்ந்து, கேஸ் கசிந்து, பற்றிக்கொண்டது. உடன் வந்த மாற்று ஓட்டுநரும், பின்னால் வந்த பேருந்தில் சிலரும் இறந்துபோனார்கள். இவர் முதுகிலும் கைகளிலும் காயத்தோடு பிழைத்தார். தோல் ஒட்டு (தொடைத் தோலை எடுத்துக் காயத்தில் பொருத்தும் சிகிச்சை) நன்றாகவே பிடித்தது. அதில் எனக்குக் குறையில்லை. 'நலம்' என்று எழுதி அனுப்பினார்களே, அதில்தான் கோபம்.

வார்டில் இருந்தபோது மனநல ஆலோசகர் என்று ஒருவர் வந்தார், போட்டோ எடுப்பவரோடு. கட்டிலின் கால்மாட்டில் நின்று "தைரியமா இருங்க" என்றார். படம் எடுத்தார்கள். அதன்பின் அவரைப் பார்க்கவே இல்லை.

வீட்டில் மின்னடுப்புக்கு மாறினோம். லாரி ஹாரன் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். அவருடைய அண்ணன் ஒருநாள் வந்து, "உசுரு பொழைச்சாச்சு, இன்னும் என்ன? வண்டி ஏறாம இருக்க நடிக்கறான்" என்றார்.

"மாமா, அன்னைக்கு வண்டிக்குள்ள நீங்க இருந்தீங்களா? இந்தப் பேச்சுத்தான் பேசறதுன்னா இனி எங்க ஊட்டுக்கு வராதீங்க."

அவர் வருவதில்லை. எனக்கு வருத்தமும் இல்லை.

காயத்தைக் காட்ட மறுபடி சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஒரு நர்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "மனநலப் பிரிவுக்குப் போகலீங்களா? கீழ்மாடிதானுங்களே" என்றார். தீக்காய வார்டுக்கு நேர் கீழே! அந்த வாசலைத் தாண்டித்தான் மாதக்கணக்கில் இட்லி வாங்கப் போய் வந்திருக்கிறேன்.

அங்கிருந்த மருத்துவர் நோய்க்குப் பெயர் சொன்னார்: பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் (ஆபத்து முடிந்த பிறகும், அது இன்னும் நடப்பதாகவே உடல் நம்புவது). "இது நடிப்பும் இல்ல, கோழைத்தனமும் இல்லீங்க" என்று என் கணவரிடம் சொன்னவர், என் பக்கம் திரும்பினார். "நீங்க தூங்கறீங்களா?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அழவில்லை, கத்தினேன். "ஊட்டுக்கு அனுப்பறப்ப, ஒரு மாடி எறங்கிப் போங்கன்னு சொல்ல ஒருத்தருக்குமா வாயில்ல?"

"சொல்லியிருக்கணும். சொல்லாதது தப்புத்தானுங்க" என்றார். எனக்கும் தனியாக ஒரு சீட்டு எழுதினார்.

மாத்திரை, பேச்சு, பயந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது என்று மெதுவாகத்தான் நகர்ந்தது. சில வாரங்கள் பின்னாலும் போனது. இப்போது டயர்ப் பட்டறையில் வேலை செய்கிறார். இனி லாரி ஓட்ட மாட்டார். இதைப் படிக்கும் நீங்கள் மருத்துவமனையில் யாருக்காவது துணையிருந்தால், வீடு திரும்பும் முன் மனநலப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். சத்தமாகவே கேளுங்கள்.

ஒட்டிய தோலுக்கு வியர்க்காது. வெயில் ஏறினால் முதுகில் ஈரத்துண்டு போடுவேன். முன்பு கை பட்டாலே துள்ளுவார். போன வாரம் திரும்பிப் பார்க்காமலே, "இன்னுங் கொஞ்சம் மேல புள்ள" என்றார். போட்டேன். என் தோள்கள் இரண்டும் தாமாகக் கீழே இறங்கின. அவை அத்தனை மாதமும் காதருகே தூக்கியே இருந்திருக்கின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது.