மாடிப்படிக் கதவின் பூட்டு

காலை ஐந்து ஐம்பது. சின்னசேலம் ரயில் நிலையத்தில் பையிலிருந்து கைபேசியை எடுத்தபோது, திரையில் ஏழு தவறிய அழைப்புகளைப் பார்த்தேன். எல்லாம் கள்ளக்குறிச்சியில் என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் முருகேசன் அழைத்தவை. கல்வராயன் மலையிலிருந்து வந்து லாரி ஓட்டுபவர். அவர் மனைவிக்கு நிறைமாதம்.

நான் அழைத்ததும் எடுத்தார். “சார், வூட்ல வலி வந்துடுச்சி. படிக்கட்டு கேட்டு பூட்டிக்கினு இருக்குது. சாவி எங்க சார்?”

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. திருட்டுப் பயத்தில், கீழே குடியிருக்கும் எனக்கும் மாடிக்கும் பொதுவான அந்த இரும்புக் கதவை இரவில் நான்தான் பூட்டுவேன், காலையில் திறப்பேன். அன்று கிளம்பும் அவசரத்தில், வெளியே வந்து மறுபடி பூட்டிவிட்டேன். குடியிருப்பவர்களுக்கு மாற்றுச் சாவி கொடுத்ததில்லை.

“பூட்ட ஒடச்சிடுப்பா!”

“ஒடச்சா ஒண்ணும் சொல்ல மாட்டீங்களே சார்?”

குடிவந்த அன்று, என்னைக் கேட்காமல் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

அந்தப் பெண் அலறுவது கேட்டது. தெருவில் காத்திருந்த ஆட்டோக்காரர் கத்தினார்: “யோவ், பர்மிசன அப்புறமா வாங்கிக்கய்யா! நவுரு, ஜாக்கி ராடு எடுத்தாறேன்!”

இரும்பில் இரும்பு மோதியது. அழைப்பு துண்டானது. அதன்பின் யாரும் எடுக்கவில்லை. திரும்பி வந்த பேருந்தில் இடமிருந்தும் உட்கார முடியாமல் நின்றேன்.

வீடு வாடகைக்கு விடுபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வாசல் சாவி ஒன்று குடியிருப்பவரிடம் இருக்கட்டும்.

தாயும் பெண் குழந்தையும் நலம். குழந்தை ஆட்டோவிலேயே பிறந்திருந்தது.