வாயில் இருக்க வேண்டிய நட்டு

அவரை எல்லாரும் ‘எர்த்து அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். டீ கிளாஸுக்குக்கூட எர்த்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார் என்று கேலி. பத்தொன்பது வருஷமாகக் கோபுரத்தடி வேலை. படகுகள் கரையோடு பேச அங்கே அறையில் இருக்கும் வயர்லெஸ் கருவிக்குக் கரண்ட் கொடுப்பது, பேட்டரியைப் பராமரிப்பது, மின்னல் விழுந்தால் அது கருவிக்குள் புகாமல் மண்ணுக்குள் இறங்க வழி செய்து வைப்பது. மண்ணோடு தொடர்பு விட்டுப்போனால் மற்றதெல்லாம் வெட்டிச் செலவு என்று ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுவார். சொன்னது சரிதான். செய்த லட்சணத்தைக் கேளுங்கள்.

மண் கரண்டை ஒழுங்காக வாங்கிக்கொள்கிறதா என்று அளக்க, கோபுரத்திலிருந்து எர்த்துக் குழிக்குப் போகும் செம்புப் பட்டையைக் கழற்ற வேண்டும். அளந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். அதை மறந்துவிடக் கூடாதே என்று, கழற்றிய நட்டை இவர் வாயில் அடக்கிக்கொள்வார். வாயில் இரும்பை வைத்துக்கொண்டு எவன் வீட்டுக்குப் போவான்? ஒருநாளும் தப்பாத ஏற்பாடு.

அந்த வியாழக்கிழமை கடலோரக் குன்றுக் கோபுரத்தில் நட்டு வாயில் இருக்கும்போதே ஆபீஸிலிருந்து போன் வந்தது. அளவு என்ன, படம் எங்கே என்று சூப்பர்வைசர் குடைந்தெடுத்தார். நட்டோடு எப்படிப் பேசுவது? துப்பி சட்டைப் பையில் போட்டார். மீட்டரைப் படம் எடுத்து அனுப்பினார். அளவு பிரமாதம் என்று சூப்பர்வைசரே சொல்லிவிட்டார். அந்த மிதப்பிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், பாவி மனுஷன்.

சனிக்கிழமை மத்தியானம் சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி, இது உங்க பையில கிடந்துச்சு என்று நட்டை நீட்டினாள். பட்டையை மாட்டாமலே வந்துவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வானம் கருத்து, மேற்கே இடி உறுமிக்கொண்டிருந்தது. மச்சினன் விடியற்காலையிலேயே படகில் போயிருந்தான். தாயில்லாப் பிள்ளை, மூன்று வயதிலிருந்து அக்காதான் அவனுக்கு எல்லாம். நடுக்கடலில் போன் எடுக்காது. கரையோடு பேச அந்தக் குன்றுக் கோபுரத்து வயர்லெஸை விட்டால் வேறு நாதியில்லை.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. கோபுரத்தில் ஒரு வேலை என்று மட்டும் சொல்லிவிட்டு நட்டோடு கிளம்பினார். வழியில் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு உண்மையைக் கக்கினார். வேறு ஆள் வர இரண்டு மணி நேரமாகுமாம். இடி இடிக்கும்போது கோபுரத்தை நெருங்கக் கூடாது, செத்துப் போவாய் என்று அவர் கத்தினார். அந்த விதியைப் புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பவரே இவர்தான். போனை வைத்துவிட்டு, கண்ணை மறைக்கும் மழையில் பைக்கை விரட்டினார்.

ஸ்பானர் எடுக்கக் கோபுரத்தடி அறையைத் திறந்தார். மின்னல் தடுப்புப் பெட்டியின் ஜன்னல்கள் எல்லாம் பழுதில்லை என்று பச்சையாகத்தான் இருந்தன. இருந்து என்ன புண்ணியம்? பிடித்த மின்னலைக் கொண்டுபோய் இறக்க மண்ணுக்கு வழி வேண்டாமா?

வயர்லெஸ் ஸ்பீக்கரில் மச்சினன் குரல் இரைச்சலோடு வந்தது. "ஒண்ணுமே தெரியல. பாறை எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுங்க."

இவர் ஸ்பானரோடு வெளியே ஓடினார். குழிக்குப் பத்தடி இருக்கும். பின்னால் திறந்திருந்த கதவு வழியாக, அதே ஸ்பீக்கரில் கரை ஆபரேட்டர் நிதானமாகப் பதில் சொல்வது கேட்டது. "பாறை உங்களுக்கு..."

வானம் பிளந்தது. அவரைத் தூக்கிச் சேற்றில் அடித்தது. காதுக்குள் ‘ஙொய்’ என்றது. தவழ்ந்து அறைக்குள் போனார். ஒரே கருகல் நாற்றம். பச்சை ஜன்னல்கள் அத்தனையும் சிவப்பாகியிருந்தன. பேட்டரி மட்டும் குத்துக்கல்லாட்டம் இருந்தது, ஒரு வோல்ட்கூடக் குறையாமல். வயர்லெஸ் செத்துவிட்டது. மாற்று வயர்லெஸ் நகரத்துக் கிடங்கில் இருக்கிறது, நாலு மணி நேரத் தூரம். தெரிந்தும் மைக்கை எடுத்து, "மாப்ள, மாப்ள" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். ஃபியூஸைப் பிடுங்கி மறுபடி சொருகினார். கருவியை அறைந்தார். கடைசியில் தலையிலடித்துக்கொண்டு அழுதார்.

அப்போது மனைவியிடமிருந்து போன்.

"என்னங்க, கோபுரத்துலதானே இருக்கீங்க? தம்பி குரல் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எப்போ?"

"இப்பத்தான்."

"அப்பாடா!" அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. "உயிரே இல்லைங்க எனக்கு. நீங்க அங்க இருக்கப்போய் ஆச்சு. அவன் கரைக்கு வர்ற வரைக்கும் விடாம பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க, என்ன? சின்னதுலேருந்தே தனியா இருக்கப் பயப்படுவான்."

"சரி" என்றார் அவர்.